எண்ணப்பட்டவர்களும் எண்ணியவர்களும்: அமெரிக்க அதிபர் தேர்தலின் வரலாற்றிலிருந்து நமக்கு ஒரு பாடம்



நம் ஊர்ப்பக்கம் 'பிரசிடெண்டு' என்றால் ஊராட்சி மன்றத் தலைவர். அந்த நாற்காலியின் விலை என்னவென்று இந்த அரங்கில் இருக்கும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. மேலவளவில் முறையாக வென்ற முருகேசனும் உடன் இருந்தவர்களும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 1996 முதல் 2006 வரை பத்தாண்டுக் காலம் ஒரு தலித் தலைவர் அந்த நாற்காலியில் நிலைத்து உட்கார முடியவில்லை. தேர்தல் என்பது வாக்குப்பெட்டியோடு முடியும் காரியமல்ல என்பதை நாம் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டவர்கள் அல்ல.

இன்று நான் பேச வந்திருப்பது வேறொரு பிரசிடெண்டைப் பற்றி. அமெரிக்க அதிபர் எப்படித் தேர்ந்தெடுக்கப்படுகிறார், அந்த முறை ஏன் அப்படி அமைந்தது என்பதுதான் பொருள். நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நம் தொலைக்காட்சிகள் சிவப்பும் நீலமுமாக ஒரு வரைபடத்தைக் காட்டி '270' என்று ஓர் எண்ணைச் சொல்கின்றன. 2016இல் ஹிலாரி கிளிண்டன் சுமார் 29 லட்சம் வாக்குகள் கூடுதலாகப் பெற்றும் தோற்றார். இது எப்படி என்று கேட்டால், அது கூட்டாட்சி, சிறிய மாநிலங்களைக் காக்கும் ஏற்பாடு என்று பதில் வருகிறது. அந்தப் பதில் பாதி உண்மை. மிச்சப் பாதியில் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த கறுப்பின மக்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய தலைகள் எண்ணப்பட்டன. அந்தத் தலைகளின் மதிப்பைக் கொண்டு வாக்களித்தவர்கள் அவர்களுடைய எஜமானர்கள்.

எண்ணப்படுவது வேறு, எண்ணும் இடத்தில் இருப்பது வேறு. இந்த உரை முழுக்க நான் சொல்லப்போவது இந்த ஒன்றைத்தான்.

270 என்ற கணக்கு

முதலில் முறையைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். நவம்பரில் அமெரிக்க வாக்காளர் அதிபருக்கு வாக்களிப்பதாக நினைத்துக்கொண்டு தன் மாநிலத்தின் 'தேர்வாளர்'களுக்கு வாக்களிக்கிறார். ஒரு மாநிலத்துக்குப் பிரதிநிதிகள் சபையில் எத்தனை உறுப்பினரோ, செனட்டில் எத்தனை உறுப்பினரோ, இரண்டையும் கூட்டினால் வருவது அந்த மாநிலத்தின் தேர்வாளர் எண்ணிக்கை. பிரதிநிதிகள் சபை இடங்கள் மக்கள்தொகைப்படி அமையும். செனட்டில் மாநிலம் பெரிதோ சிறிதோ தலா இரண்டு. 435, 100, தலைநகர் வாஷிங்டனுக்கு 1961இல் கிடைத்த 3, ஆக மொத்தம் 538. பாதிக்கு மேல் ஒன்று என்றால் 270.

மெய்ன், நெப்ராஸ்கா தவிர மற்ற 48 மாநிலங்களிலும் ஒரு வாக்கு அதிகம் வாங்கிய கட்சிக்கே அந்த மாநிலத்தின் எல்லாத் தேர்வாளர்களும் போய்விடுவார்கள். டிசம்பரில் தேர்வாளர்கள் அவரவர் மாநிலத் தலைநகரில் கூடி வாக்களிப்பார்கள். ஜனவரி 6 அன்று நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் கூடி அதை எண்ணும். யாருக்கும் பெரும்பான்மை இல்லையென்றால் பிரதிநிதிகள் சபை முடிவு செய்யும், அப்போது மாநிலத்துக்கு ஒரு வாக்குதான்.

2020 கணக்கெடுப்பில் சுமார் 5.77 லட்சம் பேர் வாழ்ந்த வயோமிங்குக்கு 3 தேர்வாளர்கள். சுமார் 3.95 கோடிப் பேர் வாழ்ந்த கலிஃபோர்னியாவுக்கு 54. அங்கே ஏறத்தாழ 1.92 லட்சம் பேருக்கு ஒரு தேர்வாளர், இங்கே 7.32 லட்சம் பேருக்கு ஒருவர். இந்தப் பெரிய மாநிலம், சிறிய மாநிலம் வழக்கு எல்லோரும் பேசுவது. அதற்கு அடியில் இருக்கும் வழக்கு வேறு.

ஐந்தில் மூன்று

1787 கோடையில் ஃபிலடெல்ஃபியாவில் அரசியலமைப்பு மாநாடு கூடியது. அதிபரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கட்டும் என்ற யோசனை அந்த அறையில் எழாமல் இல்லை. பென்சில்வேனியாவின் ஜேம்ஸ் வில்சன் அதைப் பேசினார். வர்ஜீனியாவின் ஜேம்ஸ் மேடிசன் ஜூலை 19 அன்று எழுந்து, கொள்கையளவில் மக்களே தேர்ந்தெடுப்பதுதான் பொருத்தம் என்று ஒப்புக்கொண்டார். பிறகு சிக்கலையும் சொன்னார். வாக்குரிமை வடக்கு மாநிலங்களில்தான் பரவலாக இருக்கிறது, நேரடித் தேர்தல் என்றால் தெற்கு தன் நீக்ரோக்களின் கணக்கில் எந்தச் செல்வாக்கையும் பெற முடியாது என்பது அவர் பேச்சின் சாரம். மேடிசன் அடிமைகளை வைத்திருந்தவர், பின்னாளில் அதிபர். வாக்களிக்க அனுமதிக்கப்படாத மனிதர்களை வாக்கின் கணக்கில் எப்படிச் சேர்ப்பது என்பதுதான் சிக்கல் என்று அவரே பச்சையாகச் சொல்லிவிட்டார்.

இதற்கான விடை அப்போதே கையில் தயாராக இருந்தது. பிரதிநிதிகள் சபை இடங்களைப் பிரிக்க, சுதந்திர மக்களை முழுமையாகவும் 'மற்ற எல்லா நபர்களையும்' ஐந்தில் மூன்றாகவும் எண்ணுவது என்று ஒரு சமரசம் முடிவாகியிருந்தது. 'அடிமை' என்ற சொல் அந்த ஆவணத்தில் கிடையாது. தேர்வாளர் எண்ணிக்கையை நாடாளுமன்ற இடங்களின் எண்ணிக்கையோடு கட்டிவைத்தபோது அந்த ஐந்தில் மூன்று அதிபர் தேர்தலுக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொண்டது.

இங்கே ஒரு தவறான புரிதலைச் சரிசெய்ய வேண்டும். கறுப்பின மனிதரை முக்கால் மனிதர்கூட இல்லை, ஐந்தில் மூன்று மனிதர் என்று மதிப்பிட்டார்கள், ஆகவே முழு மனிதராக எண்ணியிருந்தால் நியாயம் கிடைத்திருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். நிலைமை நேர்மாறானது. அடிமைகளை முழுசாக எண்ண வேண்டும் என்று கேட்டவர்கள் அடிமை முதலாளிகள். எண்ணவே கூடாது என்று கேட்டவர்கள் எதிர்த்தரப்பில் இருந்தார்கள். எண்ணிக்கை கூடக் கூட முதலாளியின் அரசியல் பலம் கூடியது. பருத்தி வயலில் உழைப்பைக் கொடுத்த அதே உடம்பு, கணக்கேட்டில் அவனுக்கு அதிகாரத்தையும் கொடுத்தது. இந்தக் கணக்கில் சாட்டையடி பட்டவருக்கு வரவு ஒன்றுமில்லை.

1790இல் நடந்த முதல் கணக்கெடுப்பில் அடிமைகளாக எழுதப்பட்டவர்கள் ஏறத்தாழ 7 லட்சம் பேர். அதில் வர்ஜீனியாவில் மட்டும் 2.9 லட்சத்துக்கும் மேல். 1800 கணக்கெடுப்பில் பென்சில்வேனியாவின் சுதந்திர மக்கள் வர்ஜீனியாவின் சுதந்திர மக்களைவிட அதிகம். ஆனால் அந்தக் கணக்கெடுப்புக்குப் பின் நடந்த 1804 தேர்தலில் பென்சில்வேனியாவுக்குத் தேர்வாளர்கள் 20, வர்ஜீனியாவுக்கு 24.

1800 தேர்தலில் தாமஸ் ஜெஃபர்சன் 73 தேர்வாளர் வாக்குகள் பெற்றார். ஜான் ஆடம்ஸுக்கு 65. அடிமைகளின் கணக்கால் கிடைத்த கூடுதல் தேர்வாளர்களைக் கழித்தால் ஆடம்ஸே வென்றிருப்பார் என்று வரலாற்றாளர்கள் கணக்கிட்டுக் காட்டியிருக்கிறார்கள். எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டார்கள் என்று எழுதிய கை ஜெஃபர்சனுடையது. தம் வாழ்நாளில் 600க்கும் மேற்பட்ட மனிதர்களை உடைமையாக வைத்திருந்ததும் அதே கைதான். அவரை அதிபராக்கிய கணக்கில் அவர் வயலில் நின்றவர்களும் இருந்தார்கள், அவர்களைக் கேட்காமலே. 1789 முதல் 1825 வரையிலான 36 ஆண்டுகளில் 32 ஆண்டுகள் அதிபராக இருந்தவர்கள் வர்ஜீனியாக்காரர்கள். நால்வருமே அடிமைகளை வைத்திருந்தவர்கள்.

முழுத்தலை, பூஜ்ய வாக்கு

1860இல் ஆபிரகாம் லிங்கன் 40 விழுக்காட்டுக்கும் சற்றே குறைவான மக்கள் வாக்குகளோடு 180 தேர்வாளர்களைப் பெற்று வென்றார். தெற்கின் பத்து மாநிலங்களில் அவருக்கென்று வாக்குச்சீட்டே இல்லை. தாங்கள் கட்டிய கணக்கு முதன்முறையாகத் தங்களைக் கைவிட்டதும் தெற்கு நாட்டையே உடைக்கக் கிளம்பியது. உள்நாட்டுப் போர் முடிந்து 1865இல் 13ஆம் திருத்தம் அடிமைமுறையை ஒழித்தது. 1868இல் 14ஆம் திருத்தம் எல்லோரையும் முழு நபராக எண்ணச் சொன்னது. 1870இல் 15ஆம் திருத்தம் இனத்தின் பெயரால் வாக்குரிமை மறுக்கக் கூடாது என்றது.

அந்தப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் அற்புதமானவை. நேற்றுவரை விலைக்கு விற்கப்பட்டவர்கள் வாக்களித்தார்கள், சட்டமன்றங்களில் உட்கார்ந்தார்கள், பொதுப்பள்ளிகளைத் தொடங்கினார்கள். 1870இல் மிசிசிபியிலிருந்து ஹைரம் ரெவல்ஸ் செனட்டுக்குள் நுழைந்தார், முதல் கறுப்பின செனட்டராக.

அதற்கு எதிராக எழுந்ததும் நமக்குப் பழக்கமான ஒன்றுதான். 1873இல் லூசியானாவின் கோல்ஃபாக்ஸில், 1876இல் தென் கரோலினாவின் ஹாம்பர்க்கில் கறுப்பின மக்கள் கொன்று குவிக்கப்பட்டார்கள். அவர்கள் செய்த குற்றம் அதிகாரத்தில் பங்கு கேட்டது. 1876 அதிபர் தேர்தலில் மக்கள் வாக்குகளில் முன்னிலை பெற்ற டில்டனுக்கு 184 தேர்வாளர்கள். ஹேய்ஸுக்கு 165. ஃப்ளோரிடா, லூசியானா, தென் கரோலினா, ஆரிகன் ஆகிய மாநிலங்களின் 20 தேர்வாளர்கள் யாருக்கு என்று தகராறு. 15 பேர் ஆணையம் 8க்கு 7 என்று பிரிந்து இருபதையும் ஹேய்ஸுக்குக் கொடுத்தது. 185க்கு 184. ஹேய்ஸ் அதிபரானார். அடுத்த சில வாரங்களில் தென் கரோலினாவிலும் லூசியானாவிலும் கறுப்பின மக்களின் வாக்குக்குக் கடைசிக் காவலாக நின்ற மத்தியப் படைகள் விலக்கப்பட்டன. மேலே இரண்டு வெள்ளைக் கட்சிகளின் சண்டை தீர்ந்தது. தீர்வுக்கான விலையைக் கீழே இருந்தவர்கள் கொடுத்தார்கள்.

பிறகு வாக்குரிமையைப் பறிக்கும் வேலை சட்டப்படியே நடந்தது. மிசிசிபி 1890இல் புதிய அரசியலமைப்பை எழுதியது. வாக்குவரி 2 டாலர் கட்ட வேண்டும். அரசியலமைப்பின் ஒரு பிரிவைப் படிக்க வேண்டும், அல்லது படித்துக் காட்டும்போது புரிந்துகொண்டு பதிவு அதிகாரி மெச்சும்படி விளக்கம் சொல்ல வேண்டும். இந்த வாக்கு விதிகளில் எங்கும் 'கறுப்பர்' என்ற சொல் இல்லை. சாதியின் பெயரைச் சொல்லாமலே சாதியைக் காப்பாற்றும் சட்டங்களை நாமும் பார்த்திருக்கிறோம். லூசியானாவில் 1896இல் பதிவுபெற்ற கறுப்பின வாக்காளர்கள் 1,30,334 பேர். 1904இல் 1,342 பேர்.

கணக்கின் கொடுமை இங்கேதான் முற்றுகிறது. அடிமைக் காலத்தில் ஐந்தில் மூன்றாக எண்ணப்பட்டவர்கள் இப்போது முழுத்தலையாக எண்ணப்பட்டார்கள், ஆனால் வாக்கு கிடையாது. ஆக, போரில் தோற்ற தெற்கு வெள்ளையர்களுக்கு முன்பைவிட அதிகத் தேர்வாளர்கள் கிடைத்தார்கள். 1904 தேர்தலில் தென் கரோலினாவில் பதிவான வாக்குகள் சுமார் 55,000. அதற்குத் தேர்வாளர்கள் 9. கன்சாஸில் 3 லட்சத்துக்கும் அதிகமானோர் வாக்களித்தார்கள். அதற்குத் தேர்வாளர்கள் 10. தென் கரோலினாவின் மக்கள்தொகையில் அப்போது பாதிக்கு மேல் கறுப்பின மக்கள். அந்த ஒன்பதில் பாதிக்கு மேற்பட்ட எடை அவர்களுடையது. அந்த எடையைத் தூக்கி வைத்தவர்கள் அவர்களை வாக்குச்சாவடிப் பக்கம் அண்டவிடாதவர்கள்.

14ஆம் திருத்தத்தின் இரண்டாம் பிரிவில் இதற்கு மருந்து எழுதப்பட்டிருந்தது. வாக்குரிமையை மறுக்கும் மாநிலத்தின் பிரதிநிதித்துவம் அந்த அளவுக்குக் குறைக்கப்பட வேண்டும். ஒருமுறைகூட அது நடைமுறைக்கு வரவில்லை. ஏட்டில் இருக்கும் சட்டத்துக்கும் நாட்டில் நடக்கும் சட்டத்துக்கும் உள்ள தூரம் நமக்குத் தெரிந்ததுதானே. 1901 மார்ச்சில் வட கரோலினாவின் ஜார்ஜ் ஒயிட் நாடாளுமன்றத்தை விட்டு வெளியேறிய பிறகு, அடுத்த கறுப்பின உறுப்பினர் உள்ளே வர 1929 ஆயிற்று. அவரும் வடக்கே சிகாகோவிலிருந்து வந்தவர்.

இரண்டு இடங்கள்

இந்தக் கணக்கை உடைத்தவர்களில் ஒருவரை இங்கே நினைவுகூராமல் இருக்க முடியாது. ஃபேனி லூ ஹேமர், மிசிசிபியில் குத்தகைக் கூலிக் குடும்பத்தில் இருபதாவது பிள்ளையாகப் பிறந்தவர். பருத்தி எடுத்து வளர்ந்தவர். தனக்கு வாக்குரிமை உண்டென்பதே 44 வயதில்தான் அவருக்குத் தெரியவந்தது. 1962 ஆகஸ்ட் 31 அன்று பதிவு செய்யப் போனார். மாநில அரசியலமைப்பின் ஒரு பிரிவைக் கொடுத்து விளக்கச் சொல்லி, தேறவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். வீடு திரும்பியதும் பண்ணையார் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறு, இல்லையேல் வெளியேறு என்றார். 18 ஆண்டுகள் உழைத்த பண்ணையிலிருந்து அன்றிரவே அவர் வெளியேறினார். 1963 ஜூனில் வினோனா சிறையில் அவரை அடித்த அடியின் காயம் சாகும்வரை உடம்பில் இருந்தது.

1964இல் அவரும் தோழர்களும் மிசிசிபி விடுதலை ஜனநாயகக் கட்சி என்று தனியே அமைத்து, அதிபர் வேட்பாளரை அறிவிக்கும் ஜனநாயகக் கட்சி மாநாட்டுக்குப் போனார்கள். கறுப்பின மக்களை விலக்கிவிட்டுத் தேர்ந்தெடுக்கப்பட்ட மிசிசிபியின் வெள்ளைப் பிரதிநிதிகள் செல்லாது, எங்களை உட்கார வையுங்கள் என்பது கோரிக்கை. ஹேமர் சாட்சி சொல்லத் தொடங்கியதும் அதிபர் ஜான்சன் அவசரமாக ஒரு செய்தியாளர் சந்திப்பைக் கூட்டினார், தொலைக்காட்சி இந்தப் பக்கம் திரும்பட்டும் என்று. அன்றிரவு செய்திகளில் ஹேமரின் முழுச் சாட்சியமும் ஒளிபரப்பானது.

பிறகு ஒரு சமரசம் முன்வைக்கப்பட்டது. உங்களுக்கு இரண்டு இடங்கள் தருகிறோம். அந்த இரண்டில் யார் உட்காருவது என்பதையும் கட்சித் தலைமையே முடிவு செய்திருந்தது. ஹேமரின் பெயர் அதில் இல்லை. அவர்கள் அதை ஏற்க மறுத்துத் திரும்பினார்கள்.

தோழர்களே, இடம் தருகிறோம், ஆளை நாங்கள் தேர்ந்தெடுக்கிறோம் என்ற இந்தப் பேச்சை எங்கே கேட்டிருக்கிறோம்? சற்றுப் பொறுத்து அங்கே வருகிறேன்.

1965 மார்ச் 7 அன்று செல்மாவின் பாலத்தில் இரத்தம் சிந்தியது. ஆகஸ்ட் 6 அன்று வாக்குரிமைச் சட்டம் கையெழுத்தானது. மிசிசிபியில் பதிவுபெற்ற கறுப்பின வாக்காளர் விழுக்காடு 6.7. இரண்டே ஆண்டுகளில் அது 59.8 ஆனது. அந்த மக்களுக்கு அரசியல் அக்கறை இல்லை என்று நூறாண்டாகச் சொல்லப்பட்ட பொய் இரண்டு ஆண்டுகளில் உடைந்தது.

ஒழிப்பதா, பயன்படுத்துவதா?

இந்தத் தேர்வாளர் முறையை ஒழித்துவிட்டு நேரடித் தேர்தலுக்குப் போகும் வாய்ப்பு ஒருமுறை கைக்கெட்டும் தூரத்தில் வந்தது. 1969 செப்டம்பரில் பிரதிநிதிகள் சபை அதற்கான திருத்தத்தை 338க்கு 70 என்ற கணக்கில் நிறைவேற்றியது. 1970இல் செனட்டில் அதைப் பேசிப் பேசியே கொன்றார்கள். முன்னின்றவர்கள் ஸ்ட்ரோம் தர்மண்ட், ஜேம்ஸ் ஈஸ்ட்லண்ட் போன்ற இனப்பிரிவினை ஆதரவாளர்கள். நேரடித் தேர்தலில் ஒவ்வொரு தலைக்கும் ஒரு வாக்கு. வாக்களிக்க விடாமல் தடுக்கப்பட்ட தலையினால் யாருக்கும் இலாபமில்லை. எதிர்ப்பின் வேர்களில் ஒன்று அங்கே இருந்தது.

ஆனால் கதை இவ்வளவு நேர்கோடாக இல்லை. அதை மறைப்பது உங்களுக்கு நான் செய்யும் நேர்மையின்மை. 1979இல் இதே திருத்தம் மீண்டும் வந்தபோது கறுப்பினத் தலைவர்களில் ஒரு பகுதியினர் அதை எதிர்த்தார்கள். நேஷனல் அர்பன் லீகின் வெர்னான் ஜோர்டன் அவர்களில் ஒருவர். கறுப்பின மக்கள் வடக்கின் பெருநகரங்களில் திரண்டு வாழ்கிறார்கள், இழுபறியான பெரிய மாநிலங்களில் முடிவைத் தீர்மானிக்கும் பலம் அவர்களுக்கு இருக்கிறது, தேசமெங்கும் ஒரே குவியலாக எண்ணினால் அது கரைந்துபோகும் என்பது அவர்கள் வாதம். அநியாயமாகக் கட்டிய வீட்டிலும் நமக்கு ஒரு மூலை கிடைத்திருந்தால், இடிக்குமுன் யோசிக்க வேண்டியிருக்கிறது. அதே நேரம், தெற்கின் கறுப்பின வாக்காளர்களுக்கு அந்த மூலையும் இல்லை. அவர்கள் எவ்வளவு திரண்டு வாக்களித்தாலும், மாநிலத்தில் வெள்ளையர் பெரும்பான்மை ஒருபக்கம் சாய்ந்தால் எல்லாத் தேர்வாளர்களும் மறுபக்கம் போய்விடுகிறார்கள். எது சரி என்பதை அந்த மக்களே விவாதிக்கிறார்கள். முறையை நாம் அறிந்திருந்தால்தான் அந்த விவாதம் நமக்குள்ளும் நடக்கும்.

ஒரு கையெழுத்து

2000 தேர்தலில் ஆல் கோர் நாடு முழுக்க ஐந்து லட்சத்துக்கும் மேல் கூடுதல் வாக்குகள் பெற்றார். ஃப்ளோரிடாவில் 537 வாக்குகளில் தோற்றதாக அறிவிக்கப்பட்டார். மறு எண்ணிக்கையை உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்று நிறுத்தியது. ஃப்ளோரிடாவில் கறுப்பின வாக்காளரின் வாக்கு செல்லாததாக்கப்படும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ பத்து மடங்கு என்று அமெரிக்கக் குடியுரிமைகள் ஆணையம் 2001இல் கண்டறிந்தது.

2001 ஜனவரி 6 அன்று நாடாளுமன்றம் கூடி எண்ணியபோது கறுப்பின உறுப்பினர்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து ஆட்சேபித்தார்கள். ஆட்சேபம் ஏற்கப்பட ஒரு செனட்டரின் கையெழுத்தும் வேண்டும். நூறு பேர் செனட்டில் ஒருவரும் கையெழுத்திடவில்லை. அன்றைக்கு அந்த நூறு பேரில் கறுப்பினத்தவர் ஒருவர்கூட இல்லை. துணை அதிபர் என்ற முறையில் அவைக்குத் தலைமை வகித்த கோரே, தமக்காகப் பேசியவர்களின் ஆட்சேபங்களை ஒவ்வொன்றாகத் தள்ளுபடி செய்தார். விதி அப்படி.

சரியாக இருபது ஆண்டுகள் கழித்து, அதே ஜனவரி 6 அன்று, அதே எண்ணிக்கையை நிறுத்த ஒரு கும்பல் கட்டடத்துக்குள் புகுந்தது. இப்போது கையெழுத்திட செனட்டர்கள் கிடைத்தார்கள். எந்த வாக்குகளில் மோசடி என்று கூவினார்கள் என்று பாருங்கள்: டெட்ராய்ட், ஃபிலடெல்ஃபியா, மில்வாக்கி, அட்லாண்டா. கறுப்பின மக்கள் திரண்டு வாழும் நகரங்கள். ஆட்சேபிக்க இரு அவைகளிலும் ஐந்தில் ஒரு பங்கினர் வேண்டும் என்று 2022இல் சட்டம் மாற்றப்பட்டது. ஆனால் வாக்குரிமைச் சட்டத்தின் முதுகெலும்பான முன் அனுமதி விதியை உச்ச நீதிமன்றம் 2013இலேயே செயலற்றதாக்கிவிட்டது.

பழைய கணக்கும் முழுதாகப் போய்விடவில்லை. சிறையில் இருப்பவர்கள் சிறை இருக்கும் இடத்தின் மக்களாகக் கணக்கெடுப்பில் எண்ணப்படுகிறார்கள். மெய்ன், வெர்மான்ட், தலைநகர் வாஷிங்டன் தவிர வேறெங்கும் தண்டனைக் கைதி சிறையிலிருந்து வாக்களிக்க முடியாது. 2024இல் தண்டனையின் பேரால் வாக்குரிமை இழந்திருந்தவர்கள் சுமார் 40 லட்சம் பேர். அவர்களில் கறுப்பின மக்கள் தம் மக்கள்தொகை விகிதத்தைவிட மிக அதிகம். எண்ணிக்கையில் உண்டு, வாக்கில் இல்லை.

பின்னங்கள்

அண்ணல் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தார். அதை ஒட்டியே கறுப்பின மக்கள் குடியேறிக்கொண்டிருந்த ஹார்லெம். 1946இல் அவர் டபிள்யூ.இ.பி. டுபோய்ஸுக்குக் கடிதம் எழுதினார். ஐக்கிய நாடுகள் அவைக்குக் கறுப்பின மக்கள் அளித்த மனுவின் படிகளைக் கேட்டார். இரு மக்களின் நிலையிலும் உள்ள ஒற்றுமையைச் சுட்டினார். டுபோய்ஸ் மறுமொழி எழுதினார். ஆகவே அவர்களுடைய வாக்கின் வரலாற்றை நாம் படிப்பது அடுத்த வீட்டுக் கதையை எட்டிப் பார்ப்பதல்ல. நம் தலைவரே திறந்துவைத்த கதவு அது.

அம்பேத்கரின் கட்டுரை ஒன்றின் தலைப்பு 'கோடிகளிலிருந்து பின்னங்களுக்கு' என்ற பொருள் தருவது. தீண்டப்படாதோர் எத்தனை பேர் என்ற கேள்வியை வைத்து நடந்த சூதாட்டத்தை அதில் அவர் விவரிக்கிறார். 1911 கணக்கெடுப்பை ஒட்டி இவர்களை இந்துக்களின் கணக்கிலிருந்து பிரித்து எண்ணுவது என்ற பேச்சு வந்ததும் அலறல் எழுந்தது. எங்கள் எண்ணிக்கை குறைந்துவிடும் என்று. 1932இல் லோதியன் குழு வாக்குரிமைக்காக எண்ணிக்கை கேட்டபோது, வடக்கின் சில மாகாணங்களில் எங்களிடம் தீண்டப்படாதோர் அதிகமில்லை, இல்லவே இல்லை என்று பேசினார்கள். பெரும்பான்மை காட்ட வேண்டியபோது முழுத்தலை. பங்கு கொடுக்க வேண்டியபோது பின்னம். ஃபிலடெல்ஃபியாவின் அறைக்கும் இதற்கும் நடுவில் ஒரு பெருங்கடலே இருக்கிறது. ஆனால் கூட்டல் கழித்தல் ஒன்றுதான்.

1932 ஆகஸ்டில் வந்த வகுப்புவாரித் தீர்ப்பு நமக்கு இரட்டை வாக்கைக் கொடுத்தது. ஒரு வாக்கால் நம் பிரதிநிதியை நாமே தேர்ந்தெடுக்கலாம், மற்றொரு வாக்கால் பொதுத் தொகுதியில் எல்லோரோடும் சேர்ந்து வாக்களிக்கலாம். அந்த இரண்டாம் வாக்கின் அருமை, பொது வேட்பாளரும் நம் தெருவுக்கு வந்து கேட்க வேண்டும் என்பதில் இருந்தது. காந்தியார் எரவாடா சிறையில் உண்ணாநோன்பு தொடங்கினார். செப்டம்பர் 24 அன்று பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. தீர்ப்பில் 71ஆக இருந்த இடங்கள் 148 ஆயின. இரட்டை வாக்கு போய்விட்டது. இடங்களைக் கூட்டிக்கொடுத்து வாக்கை எடுத்துக்கொண்ட பேரம் அது என்பதை அம்பேத்கர் 1945இல் எழுதிய நூலில் விரிவாக நிறுவினார். நம் தெற்கிலிருந்து இரட்டைமலை சீனிவாசனும் எம்.சி. ராஜாவும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் அது. அன்றைய நெருக்கடியில் அவர்களுக்கு வேறு வழி இருந்ததா என்று இன்று வசதியாக உட்கார்ந்து தீர்ப்புச் சொல்ல நான் தயாரில்லை.

ஆனால் விளைவைச் சொல்லியாக வேண்டும். 'தனித் தொகுதி' என்று தமிழில் சொல்கிறோம். அந்தச் சொல்லில் ஒரு ஏமாற்று இருக்கிறது. வேட்பாளர் மட்டும்தான் தனி, வாக்காளர்கள் பொது. தமிழ்நாட்டின் 234 சட்டமன்றத் தொகுதிகளில் 44 பட்டியல் சாதியினருக்கானவை. நம் தலைகளை எண்ணித்தான் அந்த 44 வந்தது. அதில் யார் நிற்பது, யார் வெல்வது என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் நம் தெருவுக்கு வெளியே. ஹேமரிடம் நீட்டிய அந்த இரண்டு இடங்களை நினைத்துப் பாருங்கள்.

இதனால் தனித் தொகுதி உறுப்பினர்கள் எல்லோரையும் பொம்மைகள் என்று பேசுவது என் நோக்கமல்ல. அந்தச் சிறு வெளிக்குள் நின்று பெரிய காரியம் செய்தவர்கள் உண்டு. ஹைரம் ரெவல்ஸையும் ஜார்ஜ் ஒயிட்டையும் போல. முறையைக் குறை சொல்லும்போது அதற்குள் போராடியவர்களைக் கைவிடக் கூடாது.

கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

எந்த நாட்டின் எந்தத் தேர்தலையும், அமெரிக்க அதிபர் முதல் நம் ஊராட்சிப் பிரசிடெண்டு வரை, மூன்று கேள்விகளால் சோதிக்கலாம் என்பது இந்த வரலாறு எனக்குக் கற்றுக்கொடுத்தது. இந்த இடங்கள் யாருடைய தலைகளை எண்ணி வந்தவை? அந்தத் தலைகளின் வாக்கை உண்மையில் பயன்படுத்துபவர் யார்? முடிவில் தகராறு வந்தால் தீர்த்துவைக்கும் அறைக்குள் நம்மவர் யார் இருக்கிறார்?

அடுத்த கணக்கெடுப்பும் அதைத் தொடர்ந்து தொகுதி மறுவரையறையும் பேசப்படும் காலம் இது. வடக்குக்கு எத்தனை, தெற்குக்கு எத்தனை என்று சூடாகப் பேசுகிறார்கள். பேச வேண்டியதுதான். ஆனால் மாநிலத்துக்குக் கிடைக்கும் எண்ணிக்கை அந்த மாநிலத்தின் சேரிக்குக் கிடைக்கும் வாக்காகத் தானாக மாறிவிடாது. வர்ஜீனியாவுக்கு 24 கிடைத்தபோது வர்ஜீனியாவின் வயலில் நின்றவருக்கு என்ன கிடைத்தது? அந்த விவாத மேடைகளில் இந்தக் கேள்வியை எழுப்புவது நம் வேலை. நமக்காக வேறு யாரும் எழுப்பப் போவதில்லை.

நம்மைவிட்டுப் பிரிந்த தோழரின் பெயரால் கூடியிருக்கிறோம். கணக்கெடுப்பாளர் வந்தால் தெருவே திரண்டு ஒரு பெயர் விடாமல் எழுத வைத்தவர் அவர். எழுதிவிட்டுப் போன பிறகு, எழுதியதை வைத்து என்ன செய்யப்போகிறார்கள் என்றும் கேட்டவர். முதல் பாதியை நாம் நன்றாகவே செய்துகொண்டிருக்கிறோம். இரண்டாம் பாதி மிச்சம் இருக்கிறது.